எதை உடுத்திக்கிட்டு வரட்டும்?

கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் பார்ப்பது முகூர்த்த நேரத்தை. அப்பாவுக்கு மண்டபம் எங்கே, காரை நிறுத்த இடம் கிடைக்குமா என்ற கவலை. என் மகள் மட்டும் மணமக்கள் பெயரைக்கூடப் படிக்காமல் நேரே அடிவரிக்குப் போவாள். "பேஸ்டல்", "ராயல் புளூ", "மெரூன் அண்ட் கோல்டு" என்று அங்கே ஏதாவது இருக்கும். இருந்தால் அன்று மாலையே அலமாரி திறக்கும். அடுத்த சனிக்கிழமை கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் எங்களைப் பார்க்கலாம்.

அம்மா பழைய பத்திரிகைகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். 1980களில் தொடங்கி அவர் போய் வந்த கல்யாணங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஒருநாள் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" எல்லாவற்றிலும் இருக்கிறது. என்ன உடுத்தி வர வேண்டும் என்று ஒன்றில்கூட இல்லை. அப்போது அதற்குத் தேவையே இருக்கவில்லை. தோட்டத்தில் கல்யாணம் என்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு லயத்துக்கு லயம் போய் அழைப்பார்கள். அழைக்கப்பட்ட பெண்கள் அத்தனை பேரும் போன தீபாவளிச் சேலையில் வந்து நிற்பார்கள். அவர்களிடம் இருந்ததிலேயே நல்ல சேலை அதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்க வேண்டியதில்லை.

இன்றைக்கு நம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வேறு வேறு இடங்களிலிருந்து வருகிறார்கள். கோலசிலாங்கூரிலிருந்து வேன் பிடித்து வரும் பாட்டி, கோலாலம்பூர் அலுவலகத்துச் சீனத் தோழி, சிங்கப்பூரில் வேலை செய்யும் சித்தப்பா மகன், முதன்முறையாக ஒரு கோயிலுக்குள் கால் வைக்கும் மேலாளர் எல்லாரும் ஒரே மண்டபத்தில் உட்காருகிறார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு என்ன உடுத்துவது என்று உண்மையிலேயே தெரியாது. ஆகவே அந்த அடிவரி தேவைதான். அதில் என்ன எழுதுகிறோம், யாருக்கு எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பற்றித்தான் எனக்குச் சில கருத்துகள் உண்டு. இந்த ஆண்டு என் அண்ணன் மகளுக்குக் கிள்ளானில் திருமணம். காலையில் கோயிலில் முகூர்த்தம், இரவு மண்டபத்தில் விருந்துபசரிப்பு. அழைப்பு வேலை முழுவதும் அத்தையான என் தலையில் விழுந்தது. அதனால் வந்த கருத்துகள் இவை.

நிறம் வேறு, தரம் வேறு

மணப்பெண் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். எதையும் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் பெண். என்னிடம் வரும்போதே கைப்பேசியில் நாற்பது படங்கள் வைத்திருந்தாள். எல்லாம் பேஸ்டல். பிஸ்தா, பாதாம், ரோஜா இதழ் என்று ஐஸ்கிரீம் கடை போல இருந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"எல்லாரும் இப்படி வந்தா எப்படி இருக்கும் பாருங்க அத்தை. போட்டோவுக்கே இவ்வளவு காசு கொடுக்கிறோம்."

"எல்லாரும்னா எத்தனை பேரு?"

"நானூத்தைம்பது."

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். அது அவள் தொழில்தானே. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம். அம்மாவுக்கு அந்த நிறத்தில் ஒரு சுமாரான சேலை 150 ரிங்கிட். ரவிக்கை தைக்க 60. மகளுக்குப் பாவாடை சட்டை 90. அப்பாவுக்கும் மகனுக்கும் ஜிப்பா இரண்டும் சேர்த்து 110. மொத்தம் 410 ரிங்கிட். விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் இதைவிட வெகுவாகக் குறைத்துவிட முடியாது. நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் நம் அழைப்பிதழிலும் இருக்கிறார். அவருக்கு 410 ரிங்கிட் என்பது ஏறக்குறைய கால் மாதச் சம்பளம். அதற்கு மேல் மொய் வேறு வைக்க வேண்டும், வண்டிக்கு எண்ணெய் போட வேண்டும். நம் அடிவரியில் எழுதுகிற இரண்டு சொல்லுக்கு இவ்வளவு விலை.

அரசாங்க விழாக்களுக்கு வரும் அழைப்பிதழ்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் உடைக்கென்று ஒரு வரி தவறாமல் இருக்கும். லவுஞ்ச் சூட், நீண்ட கை பாத்தேக், தேசிய உடை என்று இரண்டு மூன்றைச் சொல்லி, எதுவானாலும் சரி என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த வரியின் மேல் மரியாதை உண்டு. அது எந்த அளவுக்கு உடுத்தி வர வேண்டும் என்று சொல்கிறது. எந்த நிறத்தில் என்று கேட்பதில்லை. வியாழக்கிழமைகளில் அரசு ஊழியர்கள் பாத்தேக் அணிவது வழக்கம் என்பதால் நல்ல பாத்தேக் சட்டை ஒன்றாவது பல வீடுகளில் தொங்கிக்கொண்டிருக்கும். நல்ல உடை என்று ஒன்று எல்லாரிடமும் உண்டு. வெங்காயத்தோல் நிறத்தில் நல்ல உடை எல்லாரிடமும் இருக்காது.

ஒரே நிறத்தில் உடுத்தும் ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. மலாய்க்காரர்கள் ஹரி ராயாவுக்கும் திருமணத்துக்கும் குடும்பமாக ஒரே நிறத்தில் உடுத்துவார்கள். செடோண்டோன் என்பார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அதைப் பார்த்துப் பழகித்தான் நம் வீடுகளிலும் தீபாவளிக்கு அப்பா, அம்மா, பிள்ளைகள் ஒரே நிறத்தில் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தோம். ஆனால் செடோண்டோன் குடும்பத்துக்கு உரியது. இன்னார் இந்த வீட்டுப் பிள்ளைகள் என்று காட்டுவது. நாம் அதை எடுத்து வருகிற விருந்தாளி அத்தனை பேர் மேலும் போர்த்திவிட்டோம்.

அச்சடிக்கும் முன் ஐந்து பேர்

கணக்கைப் பார்த்துவிட்டு மணப்பெண் கொஞ்சம் யோசித்தாள். ஆனாலும் விடவில்லை. "கஷ்டம்னா யாராவது சொல்லியிருப்பாங்களே அத்தை. மத்த கல்யாணத்துல எல்லாரும் போட்டுக்கிட்டுத்தானே வர்றாங்க?" என்றாள்.

கஷ்டப்படுகிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். வராமல் இருந்துவிடுவார்கள். மறுநாள் கேட்டால் கால்வலி என்பார்கள். அதனால்தான் அச்சகத்துக்குப் போகும் முன் ஐந்து பேருக்கு நானே தொலைபேசியில் பேசினேன். ஐந்து பேரையும் பார்த்துத்தான் எடுத்தேன். அம்மாவுடன் தோட்டத்தில் பால் மரம் சீவிய ஒரு தோழி, கடந்த ஆண்டு கணவர் வேலை இழந்த ஓர் உறவுக்காரர், உடல் பருமன் காரணமாகக் கடை உடை கிடைக்காத ஒரு தங்கை, மணமகன் பக்கத்து மலையாளக் குடும்பம் ஒன்று, அப்புறம் என் பெரியம்மா. கல்யாணத்துக்கு என்ன கட்டிக்கொண்டு வரப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அம்மாவின் தோழி சிரித்தார். "எங்கிட்ட என்னம்மா இருக்கு, ரெண்டு பட்டு. ஒண்ணு அரக்கு, ஒண்ணு ராமர் பச்சை. அரக்கு உங்க அண்ணன் கல்யாணத்துக்குக் கட்டினது. அதனால பச்சையைக் கட்டிக்கிட்டு வரேன்." அண்ணன் கல்யாணம் நடந்தது முப்பது ஆண்டுகளுக்கு முன். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரே சேலையில் இரண்டு முறை வரக் கூடாது என்று இத்தனை ஆண்டு நினைவில் வைத்திருக்கிறார். அவரிடம் பிஸ்தா நிறத்தைப் பற்றி நான் என்ன சொல்வது?

பட்டுச் சேலை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய நம் பெண்களின் அலமாரியைத் திறந்தால் பெரும்பாலும் அழுத்தமான நிறங்கள்தான். அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, வாடாமல்லி, கத்திரிப்பூ. பட்டு என்றால் அப்படித்தான் எடுத்தார்கள். வெளிர் நிறப் பட்டு அவர்கள் காலத்தில் விசேஷத்துக்கு எடுக்கிற நிறம் கிடையாது. ஆகவே பேஸ்டல் என்று போட்டால் அவர்கள் பூட்டி வைத்துப் பாதுகாத்த அத்தனை பட்டும் ஒரே வரியில் செல்லாக் காசாகிவிடும்.

பெரியம்மாவுக்குப் போன் செய்தபோது கதை தலைகீழானது. பெரியப்பா இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு பெரியம்மா அழுத்தமான நிறத்தில் எதுவும் உடுத்துவதில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. நாங்கள் எடுத்துக் கொடுத்த பட்டுகள் எல்லாம் அவர் மகளுக்குப் போயிருக்கின்றன. எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் முதல் ஆளாக வந்து நிற்பார். காப்பி கலந்து கொடுப்பார், பந்தியில் யாருக்குப் பாயாசம் வரவில்லை என்று பார்ப்பார். ஆனால் குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில் ஆளைக் காண முடியாது. பதினெட்டு ஆண்டுப் படங்களில் ஒன்றிலும் அவர் இல்லை. கூப்பிட்டால், "அந்த மினுமினுப்புல நான் எதுக்கும்மா" என்பார்.

என்ன கட்டுவீர்கள் என்று கேட்டதற்கு வழக்கம்போல ஏதோ ஒரு பருத்திச் சேலையைச் சொன்னார். நான், "குடும்பத்துப் பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரே சேலை எடுக்கலாம்னு பொண்ணு ஆசைப்படுது பெரியம்மா. சந்தன நிறம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சந்தனம்னா கட்டலாம். பார்டர் சின்னதா இருக்கட்டும்" என்றார்.

அதே வெளிர் நிறம்தான். அம்மாவின் தோழியை வெளியே நிறுத்தியிருக்கும். பெரியம்மாவை உள்ளே கூட்டி வந்தது. நல்ல நிறம், கெட்ட நிறம் என்று பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. இந்த வரியால் யார் வர முடியாமல் போவார், யாருக்கு வர ஒரு வழி கிடைக்கும் என்று மட்டும் கேட்டால் போதும் என்று மணப்பெண்ணிடம் சொன்னேன். அவள் உடனே புரிந்துகொண்டாள். நிறம் குடும்பத்துக்கு, தரம் விருந்தாளிக்கு என்று முடிவானது.

நிறம் கேட்டால் காசும் கொடு

குடும்பம் என்று எண்ணியதில் 14 பெண்கள், 8 ஆண்கள். சேலை ஒன்று 120 ரிங்கிட் வீதம் 1,680. ஜிப்பா ஒன்று 65 வீதம் 520. ஆக 2,200 ரிங்கிட். மண்டப அலங்காரத்தில் நுழைவாயில் பூ வளைவு ஒன்றைக் குறைத்து அண்ணன் அந்தப் பணத்தை எடுத்தார். என் வீட்டு விதி இதுதான்: குறிப்பிட்ட நிறம்தான் வேண்டும் என்றால் அந்த உடையைக் கேட்பவரே வாங்கித் தர வேண்டும். தோழிப் பெண்களுக்கும் இது பொருந்தும். ஆறு தோழிகளை ஒரே மாதிரி லெஹங்கா வாங்கச் சொல்லிவிட்டு, ஆளுக்கு 300 ரிங்கிட் அனுப்பு என்று புலனத்தில் வங்கிக் கணக்கு எண்ணைப் போடுகிற வழக்கம் இப்போது பரவி வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று எந்தத் தோழியாலும் சொல்ல முடியாது.

ஒரே சாயத்தில் 14 சேலை எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். சொல்லி வைத்துத் தமிழ்நாட்டிலிருந்து வர ஐந்து வாரம் ஆனது. அப்புறம் ரவிக்கை. தீபாவளி நெருங்கும் மாதங்களில் தையற்காரரிடம் போய் நின்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

சம்பந்தி வீட்டாரிடம் இதைப் புலனத்தில் சொல்லாதீர்கள். அண்ணி நேரில் போய், சந்தன நிறச் சேலை ஒன்றைத் தட்டில் வைத்துக் காட்டி, "நாங்க இதை யோசிச்சிருக்கோம், நீங்க என்ன எடுக்கப் போறீங்க?" என்று கேட்டு வந்தார். அவர்கள் மயில்கழுத்து நிறம் என்றார்கள். மேடையில் இரண்டு பக்கமும் இரண்டு நிறம் நின்றபோது சிலாங்கூருக்கும் பேராக்குக்கும் பந்தாட்டம் போல இருந்தது என்று என் மகள் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

நிறத்தை எப்படிச் சொல்வது என்பதும் ஒரு கலை. "பீச்" என்றதும் என் சித்தப்பா, "கடற்கரையிலயா கல்யாணம்?" என்று கேட்டார். "சேஜ் கிரீன்" என்றால் ஆளுக்கொரு பச்சையில் வருவார்கள். நம் பட்டுக்கடைக்காரர்களிடம் இதற்கெல்லாம் துல்லியமான தமிழ் இருக்கிறது. வாழைக்குருத்துப் பச்சை என்று சொல்லுங்கள், பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே நிறம் கண்ணில் வரும். எலுமிச்சை மஞ்சள் வேறு, மாம்பழ மஞ்சள் வேறு என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் படம் அனுப்பினால் திரைக்குத் திரை நிறம் மாறும். முடிந்தால் துணியில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கொடுங்கள்.

கறுப்பும் வெள்ளையும்

தவிர்க்க வேண்டிய நிறங்கள் என்று வந்தபோதுதான் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. மணப்பெண் இணையத்தில் படித்துவிட்டு, "விருந்தாளிங்க வெள்ளை போடக் கூடாதாமே" என்றாள். அது மேல்நாட்டு வழக்கம். அங்கே வெள்ளை மணப்பெண்ணின் நிறம். விக்டோரியா அரசியார் 1840இல் தம் திருமணத்துக்கு வெள்ளை உடுத்தியதற்குப் பிறகுதான் அது பெரிதாகப் பரவியது. நம் மணப்பெண் கூறைப்பட்டில் நிற்கும்போது யார் வெள்ளையில் வந்தால் அவளோடு போட்டியாகும்? வேட்டி வெள்ளை. நான் பேசிய மலையாளக் குடும்பத்துப் பெண்கள் தங்கக் கரை வைத்த வெள்ளை செட்டும் முண்டும்தான் உடுத்தப் போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு அதுதான் மங்கல உடை. மலாய் மணப்பெண்கள் பலர் நிக்காவுக்கு வெள்ளை உடுத்துகிறார்கள். சீனர் மரபிலோ வெள்ளை துக்கத்தின் நிறம். இத்தனை பேர் கூடுகிற இடத்தில் வெள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதினால் யாரையாவது குத்தும். எழுதவில்லை.

சிவப்பைப் பற்றி ஒரு சீனத் தோழி கேட்டார். அவர்கள் வழக்கத்தில் சிவப்பு மணப்பெண்ணுடையது என்பதால் தயக்கம். தாராளமாக உடுத்துங்கள் என்றோம். மஞ்சளைப் பற்றி மணப்பெண்ணின் மலாய்த் தோழி கேட்டார். நம் நாட்டில் மஞ்சள் அரச நிறம், அரண்மனை விழாக்களுக்கு விருந்தினர் அதை உடுத்திப் போவதில்லை. நம் வீட்டில் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள்தான் தடவுகிறோம் என்று சொன்னதும் அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

கறுப்பு மட்டும் அப்படி விட முடியவில்லை. முகூர்த்தத்தில் கறுப்பைப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு ஆறாது. சீனப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் என்பதால் அலுவலக நண்பர்களுக்குப் புரியவைப்பது எளிதாக இருந்தது. ஆனால் இரவு விருந்துக்கும் கறுப்பு கூடாது என்று மாமா ஒருவர் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் கறுப்புக் கோட்டில் வந்தால் "மாப்பிள்ளை மாதிரி இருக்கான்" என்கிறோம். ஒரு பெண் கறுப்புச் சேலையில் வந்தால் மூன்று மேசை முணுமுணுக்கிறது. கோட்டைத் தடுக்காத வீடு சேலையையும் தடுக்க வேண்டாம் என்றேன். மாமா அன்றிரவு தம் கறுப்புக் கோட்டில்தான் வந்தார்.

ஒரே வரி, மூன்று வழி

அச்சிட்ட அழைப்பிதழில் கடைசியில் ஒரே ஒரு வரி போட்டோம்: "பட்டு, பருத்தி, பாத்தேக், உங்களுக்குப் பிடித்த நல்ல உடை எதிலும் வரலாம், காலை முகூர்த்தத்துக்குக் கறுப்பை மட்டும் தவிர்த்தால் பெரியவர்கள் மகிழ்வார்கள்." அதற்குத் தலைப்பு என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். "உடைக் கட்டுப்பாடு" என்று போடலாமா என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பள்ளி வாசலில் பிரம்போடு நிற்கும் கட்டொழுங்கு ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். தலைப்பே வேண்டாம் என்றோம். "கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும்" என்று முடிகிற பத்திரிகைகளையும் பார்த்திருக்கிறேன். விருந்துக்கு அழைக்கிறோமா, வழக்குமன்றத்துக்கா?

கோயில் பழக்கம் இல்லாத நண்பர்களுக்குத் தனியாகப் புலனத்தில் ஒரு செய்தி அனுப்பினோம். மலாயிலும் ஆங்கிலத்திலும் மணப்பெண்ணே எழுதினாள். அதன் சாரம் இது: "கோயிலுக்குள் காலணி இல்லாமல் நடக்க வேண்டும்; வெளியே கழற்றி வைக்க இடம் உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. பாஜு குரோங், நீளமான செயோங்சாம், நீண்ட கால்சட்டை, பாத்தேக் சட்டை எதுவும் பொருத்தமே. தரையில் உட்கார வேண்டி வரலாம், இறுக்கமான உடை வேண்டாம். மின்விசிறிதான் உண்டு, ஹோமப் புகையும் இருக்கும், மெல்லிய துணி உடுத்துங்கள். இரவு மண்டபத்தில் குளிர் அதிகம், ஒரு சால்வை எடுத்து வாருங்கள்." கோயிலுக்கு வரத் தயங்கிய நண்பர்களை இரவு விருந்துக்கு மட்டும் அழைத்தோம், அவர்களுக்குக் காலைப் பகுதியை அனுப்பவில்லை. தேவையில்லாத விதியை ஏன் ஒருவர் படிக்க வேண்டும்?

இந்தச் செய்தி போன அரைமணி நேரத்தில் நான்கு பெண்கள் சேலை கட்ட ஆசை என்று பதில் போட்டார்கள். இதை எதிர்பாருங்கள். அலுவலகத் தோழிகளுக்கு நம் கல்யாணம் என்றாலே சேலைதான். எங்களிடமிருந்த சேலைகளைக் கொடுத்தோம். முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, தங்கை ஒருத்தியைக் கட்டிவிட உட்கார வைத்தோம். ரவிக்கைக்குப் பதில் அவர்களிடமே இருந்த சாதாரண மேல்சட்டை போதும் என்று முன்பே சொல்லிவிட்டதால் தையல் கவலை இல்லை.

மூன்றாவது வழி தொலைபேசி. அம்மா வயதுக்காரர்கள் பலர் பத்திரிகையை வாங்கிப் பூசையறையில் வைத்துவிடுவார்கள், அடிவரியைப் படிப்பதில்லை. அவர்களுக்கு உடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களாகக் கேட்பார்கள். "என்னம்மா, எதை உடுத்திக்கிட்டு வரட்டும்?" என்று கேட்டால், "உங்ககிட்ட அந்த ராமர் பச்சை இருக்கே, அதுல வாங்க" என்று சொல்லத் தெரிந்தால் போதும். அவர்களிடம் என்ன இருக்கிறது என்று நமக்கு நினைவிருப்பதே பாதி அழைப்பு.

சொன்ன பிறகு மாற்றாதீர்கள். தெரிந்த ஒரு வீட்டில் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நீலம் வேண்டாம், ஊதா என்று புலனக் குழுவில் போட்டார்கள். வந்தவர்களில் நீலமும் ஊதாவும் பாதிப் பாதி. நீலத்தில் வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு எந்த விதியும் வைக்காதீர்கள். சட்டை பந்தி வரைக்கும் தாங்காது.

வாசலில் ஒரு பெட்டி

என்ன சொன்னாலும் சிலர் மறந்துதான் வருவார்கள். அதற்கு வாசலில் நிற்கிறவர் முகத்தைச் சுளிக்கக் கூடாது. கையில் ஏதாவது இருக்க வேண்டும். கோயில் வாசல் மேசைக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தோம். மஸ்ஜித் இந்தியாவில் மொத்தமாக வாங்கிய சால்வைகள் பன்னிரண்டு, வெல்குரோ ஒட்டிய வேட்டி மூன்று, ஊக்கு ஒரு பாக்கெட், கைத்துண்டு, ஈரத்தாள். பன்னீர்ச் செம்பும் சந்தனமும் இருக்கும் மேசையில் இவற்றையும் வைத்தால் அதுவும் வரவேற்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. முழங்கால் தெரிய அரைக்கால்சட்டையில் வந்த மணமகனின் நண்பருக்கு வேட்டியைக் கட்டிவிட்டது என் அப்பா. அந்த நண்பர் அதற்குப் பிறகு வேட்டியை அவிழ்க்கவே இல்லை, அதிலேயே பந்தியில் பரிமாறினார். கறுப்பில் வந்த இரண்டு பெண்களுக்குச் சந்தனமும் பூவும் கொடுத்து, "ஏசி இல்லை, வெயில் தெரியாம இருக்கும், இதைப் போட்டுக்குங்க" என்று சால்வையைத் தோளில் போட்டது பெரியம்மா.

பெரியம்மா அன்று சந்தன நிறத்தில் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தார். படம் எடுக்கக் கூப்பிட்டபோது பெட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். அப்பா பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு சால்வையில் ஒன்பது திரும்பி வந்தன.